நாலு நாள் சும்மா விடுங்க

கரப்பான்பூச்சியின் முதுகில் சிப், மீசைகளில் முடி போன்ற கம்பி. இடது பொத்தானை அழுத்தினால் இடது மீசையில் லேசாக மின்சாரம் பாயும். சுவரில் இடித்துக்கொண்டோம் என்று நினைத்துப் பூச்சி வலப்பக்கம் திரும்பும். இன்று ஆய்வுக்கூட டெக்னீஷியன் எத்தனை முறை அழுத்தியும் அது கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அசையாமல் நின்றது.

"சனியனே, சொன்னா கேக்குதா பாரு!"

"விடாம அழுத்தினா அதுக்குப் பழகிப்போயிடும் சார், அப்புறம் கண்டுக்காது," என்றாள் பக்கத்து மேஜைக்காரி. "நாலு நாள் சும்மா விடுங்க, வழிக்கு வரும்."

அவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். வெளியூரில் இருக்கும் மகளுக்குத் தினம் மூன்று வேளையும் அனுப்பிய 'சாப்டியாம்மா?' வரிசையாக நின்றது. மூன்று வாரமாகப் பதில் இல்லை. போனை டிராயரில் போட்டுப் பூட்டினார். நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

ஐந்தாம் நாள் பொத்தானை ஒரே ஒரு முறை தொட்டார். பூச்சி சட்டென்று திரும்பியது. "பாத்தீங்களா!" என்று அவள் கைதட்டினாள்.

மகளுக்கும் ஒரே ஒரு முறை அனுப்பினார். உடனே நீல டிக் விழுந்தது, மகள் பார்த்துவிட்டாள். சாயங்காலம் வரை பதில் வரவில்லை.

எல்லோரும் கிளம்பிய பிறகு பூச்சியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் விட்டு, இடது பொத்தானை அழுத்தினார். திரும்பியது. மறுபடி அழுத்தினார்.