மதுக்கடை மலையேறிய கதை

1.

இது ஒரு மெனு அட்டையின் பின்பக்கத்துக்காகத் தொடங்கிய எழுத்து. ஒஹையோவில் எங்கள் சிற்றூரின் மதுக்கடையை இப்போது நடத்தும் ஆர்டித், "கடையோட வரலாற நாலே வரில எழுதிக் குடு" என்றாள். நாலு வரியில் நிற்கிற கடையா அது?

முதல் தொடக்கம்: 'அடர்ந்த காட்டின் நடுவே, கரடிகள் உலவிய காலத்தில்...' வேண்டாம். கரடி வந்தால் குடிக்க யார் வருவார்?

இரண்டாவது: 'ஹில்டா துணிச்சலான விதவை.' அதை நான் ஏன் சொல்ல வேண்டும்? அவளே காட்டட்டும்.

2.

அணை வருகிறது, பள்ளத்தாக்கு முழுகப்போகிறது என்று அறிவித்த வருடம். ஊரார் வீடுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக மேட்டுக்கு ஏற்றத் தொடங்கினார்கள். ஹில்டா ஷ்ரோயர் மட்டும் கடையைப் பிரிக்க மாட்டேன் என்றாள். கணவனின் முன்னோர் திறந்த கதவு, ஒருநாளும் மூடியதில்லை. (மதுவிலக்குக் காலத்தில்? எலுமிச்சைச் சாறு விற்றார்களாம். நம்புகிறவர்கள் நம்பலாம்.)

ஆகவே கடையை அப்படியே உருளைக்கட்டைகள்மேல் ஏற்றி, குதிரைகளைப் பூட்டி இழுத்தார்கள். உள்ளே வியாபாரம் நடந்தது.

"ஹில்டா, எனக்குத் தலை சுத்துதா, இல்ல கடை நகருதா?"

"ரெண்டும்தான். கிளாஸப் பிடிச்சுக்க."

சனிக்கிழமை மாலை சங்கிலி அறுந்தது. கடை நின்ற இடம் தேவாலய வாசல். ஒருபுறம் தேவாலயச் சுவர், மறுபுறம் கிடுகிடு பள்ளம், நடுவே பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு கடை. அதன் முன்வாசல் மேலேறி வருகிறவர்களைப் பார்த்திருந்தது. பக்கவாசல் தேவாலயக் கதவுக்கு நேர் எதிரே.

[இங்கே ஓர் இடிமுழக்கம் எழுதி அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.]

3.

ஞாயிறு காலை போதகர் டட்டில் சபையோடு ஏறிவந்தார். வருடக்கணக்கில் அந்தக் கடையைச் சபித்தவர். பார்த்தார், "கோடாரி கொண்டாங்க" என்றார்.

ஹில்டா முன்வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"எதுக்கு ஐயா உடைக்கணும்? முன்வாசல்ல வந்து பக்கவாசல்ல போங்க. நேரா கர்த்தர்கிட்டதான் போகுது."

"சாத்தான் வீட்டு வழியாவா?"

"பெருக்கி வெச்சிருக்கேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போதகரின் மனைவி மெர்ட்டில்! தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவளே முதலில் நுழைந்தாள். பின்னால் மொத்தச் சபையும். குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

"நல்லா பிரசங்கம் பண்ணுங்க போதகரே, இங்கயே கேக்கும்" என்றான் ஒருவன்.

ஆராதனை முடிந்து திரும்பவும் அதே வழிதானே. பிரசங்கத்தைவிட நீளமாக இருந்தது அந்தத் திரும்புதல். கடைசியில் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு ஆளுக்கொரு தோள் கொடுத்தார்கள். பக்திப் பாட்டும் மற்றப் பாட்டும் கலந்து ஒலிக்க, கடை மேடேறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

4.

போதகரை விட்டுவிட்டேனே. அவர் தேவாலயத்திலிருந்து கடைசியாக வெளியே வந்தார். ஹில்டா ஒன்றும் கேட்காமல் ஒரு குவளையை அவர்முன் வைத்தாள். அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்தார். அங்கியைக் கழற்றிவிட்டுத் தள்ளப் போனார்.

குவளையில் என்ன? தண்ணீர் என்கிறது டட்டில் குடும்பம். பியர் என்கிறது ஷ்ரோயர் குடும்பம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். தண்ணீர் என்றால், போதகரின் கொள்கையை மதித்த ஹில்டா பெரிய மனுஷி. பியர் என்றால், அதைக் குடித்து இறங்கிவந்த போதகர் பெரிய மனுஷர். இருவரில் ஒருவரைக் குறைக்க எனக்கு மனசில்லை.

குவளையைக் காலியாகவே உங்கள்முன் வைக்கிறேன். ஊற்றிக்கொள்ளுங்கள்.