ரோலர் ஓடாது

சலவைக் கூடத்தில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். அதைத் தொடங்கி வைத்தவள் அவளுடைய நாத்தனார். இருவரும் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அண்ணி, இந்த ஓரத்தப் பிடிங்க", "அண்ணி, தண்ணி கொதிக்குது, தள்ளுங்க" என்று அவள் போட்ட சத்தம் மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. வயதில் மூத்தவர்களும் அண்ணி என்றார்கள். மேனேஜரே ஒருமுறை வாய் தவறி அண்ணி என்று சொல்லிவிட்டு, அதை மறைக்க இருமினார்.

நாத்தனாருக்கும் அங்கே ஒரு பெயர் இருந்தது: பட்டாசு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவள் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

சூப்பர்வைசர் இடம் காலியானபோது அது தனக்குத்தான் என்று பட்டாசு மனக்கோட்டை கட்டியிருந்தாள். மேனேஜரோ சூப்பர்வைசருக்கு உரிய நீலக் கோட்டை அண்ணியிடம் நீட்டினார். அன்று முதல் பட்டாசு வீட்டில் அண்ணியோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டாள். சுவரைப் பார்த்துத்தான் பேசுவாள். "குழாயை மூடினா தேவல" என்று சுவரிடம் சொல்வாள். அண்ணியும் சளைக்காமல், "மூடத் தெரிஞ்சவங்களே மூடலாம்" என்று அதே சுவரிடம் பதில் சொல்வாள். ஒருத்திக்கு அண்ணனும் இன்னொருத்திக்குப் புருஷனுமான லாரி டிரைவர், "அந்தச் சுவரு மட்டும் இல்லேன்னா இந்த வீடே ஊமையாயிடும்" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

கூடத்தின் நடுவில் ரோலர் நின்றது. ஈர விரிப்பை ஒரு பக்கம் விட்டால், சூடான உருளைகளுக்கு நடுவே போய், மறுபக்கம் சுருக்கமில்லாமல் காய்ந்து வரும். உருளைகளின் வாயருகே குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி. கை அதில் பட்டால் ரோலர் சட்டென்று நின்றுவிடும். விரிப்பின் கனத்த ஓரம் பட்டாலும் நின்றுவிடும் என்பதுதான் மேனேஜருக்குத் தலைவலி. பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'அவசரம்'. அவர் ஆளை விட்டு அந்தக் கம்பியைத் தூக்கிக் கயிற்றால் கட்டிவைத்தார்.

மறுநாள் காலையிலேயே ரோலர் ஒல்லியின் கையுறையைக் கவ்வியது. விரிப்பு விடுகிற இடத்தில் எப்போதும் நிற்பவள் அவள். கையை உதறி இழுத்துக்கொண்டாள். கையுறை மட்டும் உள்ளே போய், காகிதம் போலத் தட்டையாக மறுபக்கம் வந்து விழுந்தது. ஒல்லி அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணி நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"கயித்த அவுக்கச் சொல்லுங்க சார்."

"கை போகலையே? கையுறைதானே போச்சு?"

"அடுத்தது கைதான் சார்."

"இங்க பாரும்மா. ஆஸ்பத்திரி துணி மொத்தமா வந்து குமிஞ்சிருக்கு. அவசரம். லீடர்னா ஆளுங்ககிட்ட வேலை வாங்கணும். கூடச் சேர்ந்து மூக்கு சிந்திட்டு நிக்கக் கூடாது. போய் மெஷினை ஓட்டு."

அண்ணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே வந்தாள். ஒல்லியைத் தூக்கி ஒரு ஓரமாக உட்கார வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கயிறு இருக்குற வரைக்கும் இந்த இடத்துல நான் ஒருத்திதான் நிப்பேன். வேற யாரும் கிட்ட வரக் கூடாது."

முதல் விரிப்பை விட்டாள். உருளைகளின் அனல் முகத்தில் அடித்தது. பெண்கள் கண் கலங்கப் பார்த்தார்கள். அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பொறுப்பு என்றால் இதுதான், ஆபத்தில் முதல் ஆளாக நிற்பதுதான் என்று தோன்றியது.

ரோலர் நின்றது. திரும்பிப் பார்த்தால், பட்டாசு சிவப்புப் பொத்தானை அமுக்கியபடி நின்றிருந்தாள்.

"என்ன அண்ணி, பெரிய தியாகின்னு நினைப்பா? ஒல்லி கை மட்டும்தான் கையா? உங்களுது என்ன, தோட்டத்துல முளைச்சதா?"

"தள்ளு. நான் பாத்துக்குறேன்."

"நீங்க என்னத்தப் பாப்பீங்க? நீங்க முன்னாடி நின்னா நாங்க உச்சுக் கொட்டிட்டு எங்க வேலையப் பாப்போம். துணி போயிட்டே இருக்கும். அந்த மனுசனும் நிம்மதியா டீ குடிப்பாரு. கயித்த எவன் அவுப்பான்?"

அத்தனை பேர் முன்னால் இப்படி. 'சூப்பர்வைசர் நானா, நீயா?' என்ற கேள்வி அண்ணியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பட்டாசு சொன்னதில் பொய் எங்கே என்று தேடினாள், கிடைக்கவில்லை. உருளை முன்னால் நின்றதைவிட, அந்தக் கேள்வியை விழுங்குவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீ சொல்றது சரி," என்றாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "துவைக்கிறவங்க துவைங்க. மடிக்கிறவங்க மடிங்க. ரோலர் ஓடாது. நானும் கை வைக்க மாட்டேன், நீங்களும் வைக்கக் கூடாது."

ஈர விரிப்புகள் தள்ளுவண்டிகளில் மலையாக ஏறின. மேனேஜர் வந்தார், கத்தினார், போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் முதலாளியம்மாவின் கார் வாசலில் நின்றது.

அந்த அம்மா குரலை உயர்த்தியதே இல்லை. அதுதான் எல்லோருக்கும் பயம்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"நான்தான்," என்றாள் அண்ணி.

"பொத்தானை அமுக்கினது நானு," என்றாள் பட்டாசு.

"அவ அமுக்கினா. ஓடக் கூடாதுன்னு சொன்னது நான்."

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கோட்டைக் கழட்டுங்க," என்று அண்ணியிடம் சொன்னார். பிறகு பட்டாசிடம், "உனக்கு இதுல ரொம்ப நாளா ஆசைன்னு மேனேஜர் சொன்னார். போட்டுக்கோ. இனிமே நீதான் சூப்பர்வைசர்."

அண்ணி பொத்தான்களைக் கழற்றினாள். கோட்டை நீட்டியபோது, "வாங்கிக்கோ" என்று மெல்லச் சொன்னாள். ஆனால் பட்டாசு மறுபேச்சில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. பின்னால் யாரோ 'ச்சே' என்றார்கள். பட்டாசு கழுத்துவரை பொத்தான் போட்டாள்.

"இப்ப நான் சொன்னா இவங்க கேக்கணும்தானே மேடம்?"

"கேக்கணும்."

"அப்ப எல்லாரும் கேட்டுக்கோங்க. கயித்த அவுக்காம ரோலர் பக்கம் ஒருத்தரும் போகக் கூடாது. போனா என் வாயில விழுந்து எந்திரிக்கணும்."

மேனேஜர், "ஏய்!" என்றார். முதலாளியம்மா கையமர்த்தினார். "உன்னையும் கழட்டச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"தாராளமா சொல்லுங்க. அடுத்து ஒல்லிகிட்ட குடுங்க. அவளும் இதையேதான் சொல்லுவா."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒல்லி எழுந்து வந்தாள். "குடுங்க," என்று கையை நீட்டினாள். "எனக்குத் தொளதொளன்னு இருக்கும். பரவால்ல."

யாரோ சிரித்தார்கள். ஆனால் ரோலர் பக்கம் ஒருவரும் நகரவில்லை. முதலாளியம்மா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் மேனேஜரிடம் நின்றார்.

"அவ்வளவு அவசரம்னா, நீங்க கொஞ்ச நேரம் விரிப்பு விடுறீங்களா?"

"நானா மேடம்?"

கேட்கும்போதே அவருடைய கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அது அவருக்கே தெரியவில்லை. முதலாளியம்மாவுக்குத் தெரிந்தது, கூடம் முழுக்கத் தெரிந்தது.

"கயித்த அவுத்து விடுங்க," என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா காருக்குப் போனார்.

கோட்டு அண்ணியிடம் திரும்பி வரவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ரோலர் முன்னால் ஒல்லியோடு அவளும் விரிப்பு விட்டாள். ஓரம் பட்டுப் பட்டு ரோலர் நிற்கும்போதெல்லாம் மேனேஜர் பல்லைக் கடித்தார். அண்ணிக்கு வருத்தமே இல்லை என்று சொல்ல முடியாது. நீல நிறம் கண்ணில் படும்போது உள்ளே ஏதோ கடுக்கத்தான் செய்தது.

சில வாரம் கழித்து ஒருநாள் துணி குவிந்துவிட்டது. "இன்னிக்கு யாருக்கும் டீ இடைவேளை கிடையாது. அவசரம்!" என்று பட்டாசு கூவினாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி விரிப்பைக் கீழே வைத்தாள்.

"அதெல்லாம் முடியாது. எல்லாரும் விடியல்லேருந்து நிக்கிறாங்க."

பட்டாசின் முகம் சிவந்தது. வாய் திறந்தது. எல்லோரும் காதைப் பொத்தாத குறை. ஆனால் வெடிக்கவில்லை. அவள் ஒருமுறை தள்ளுவண்டிகளைப் பார்த்தாள், ஒருமுறை அவர்களின் கால்களைப் பார்த்தாள்.

"சரி, போய்த் தொலைங்க. சீக்கிரம் குடிச்சிட்டு வாங்க," என்றாள். எல்லோரும் நகர்ந்த பிறகு, "அண்ணி, எனக்கும் ஒரு டீ சொல்லுங்க. சக்கரை தூக்கலா," என்றாள்.