இருபத்தெட்டு டிகிரி

குமணன்சாவடியைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் இருக்கிற அந்தப் பெட்ரோல் பங்க்கில், புஷ்பாவுக்கு இருந்த ஒரே பெருமை டென்சிட்டி பார்ப்பதுதான். மற்றவர்கள் எல்லாம் நாள் முழுக்க ‘ஜீரோ பாத்துக்கோங்க’ என்று கத்திக்கொண்டு கிடக்க, அவள் மட்டும் காலை ஆறு மணிக்குக் கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் பிடித்து, ஹைட்ரோமீட்டரை மெல்ல அதில் இறக்கி, அது ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பெட்ரோல் கனமாக இருந்தால் அந்தக் கண்ணாடிக் குழாய் மேலே மிதக்கும், லேசாக இருந்தால் அமிழும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அடர்த்தி. கூடவே தெர்மாமீட்டரை விட்டுச் சூட்டையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் சூடானால் லேசாகிவிடும் அல்லவா? அதைச் சரிக்கட்ட, சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்து, பதினைந்து டிகிரியில் அடர்த்தி எவ்வளவு வரும் என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பத்தாவது ஃபெயிலான புஷ்பாவுக்கு இதெல்லாம் அத்துப்படி.

ஏப்ரல் கடைசியில் அந்தத் தெர்மாமீட்டர் கை தவறி உடைந்தது. மேனேஜர் ஹேமநாதன் போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“தினமும் இருபத்தெட்டுதானே காட்டுது? அதையே போடு. புதுசு அடுத்த மாசம் வாங்கிக்கலாம்.”

அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. தரைக்கடியில் புதைந்திருக்கிற டேங்க்கில் பெட்ரோல் எப்போதும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் கிடக்கும். புஷ்பா இருபத்தெட்டு என்று எழுதினாள். மறுநாளும் எழுதினாள். பத்து நாளில் கை தானாகவே எழுதப் பழகிவிட்டது. லாரியில் வருகிற பெட்ரோல் தரைக்கடியிலிருந்து வருவதில்லை என்பதை, பாவி மகள், மறந்தே போனாள்.

மே பத்தாம் தேதி மத்தியானம் இரண்டரை மணிக்கு வேம்புலியின் டேங்கர் உள்ளே வந்தது. வேம்புலி ஆவடிக்காரர். ஒன்பது வருஷமாக அந்த பங்க்குக்கு லோடு கொண்டுவருகிறவர். வழியில் டிராஃபிக்கில் மாட்டி இரண்டு மணி நேரம் வெயிலிலேயே நின்றுவிட்டு வந்திருந்தார். லோடை இறக்கும் முன்பு டென்சிட்டி பார்த்தாக வேண்டும். புஷ்பா சாம்பிள் பிடித்து ஹைட்ரோமீட்டரை விட்டாள்.

எழுநூற்று இருபத்தாறு. இருபத்தெட்டு டிகிரி வரிசையில் விரலை வைத்துப் பார்த்தால் எழுநூற்று முப்பத்தேழு வந்தது. லோடோடு வந்த சீட்டில் எழுநூற்று நாற்பத்தைந்து என்றிருந்தது. மூன்று புள்ளி வரை வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். இது எட்டு!

“அண்ணா, இதுல இன்னா கலந்துகினு வந்தீங்க?”

வேம்புலி முதலில் சிரித்தார். அப்புறம்தான் அவள் விளையாடவில்லை என்று புரிந்தது. “இன்னாம்மா பேசுற? சீலு அப்பிடியே கீது, வந்து பாரு. வெயில்ல காஞ்சிகினு வந்த வண்டிம்மா இது. டேங்க்கத் தொட்டுப் பாரு, கொதிக்குது. சூடு எவ்ளோன்னு பாத்தியா?”

“பாக்காமலா எழுதுவேன்?” என்றாள் புஷ்பா. “கண்ணாடி பொய் சொல்லாதுண்ணா.”

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துபோனது. ஹேமநாதன் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு சாம்பிளை பாட்டிலில் சீல் வைத்து லேபுக்கு அனுப்பினார்கள். லோடு திரும்பிப் போனது. லேப் முடிவு வரட்டும் என்று யார் காத்திருப்பார்கள்? லாரி காண்டிராக்டர் அன்று சாயங்காலமே வேம்புலியை வண்டியை விட்டு இறக்கிவிட்டார். கிளம்பும் முன்பு அவர் புஷ்பா எதிரில் வந்து நின்றார்.

“ஒம்போது வருசம்மா. ஊட்ல போயி நான் இன்னான்னு சொல்லுவேன்?”

புஷ்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு எல்லாரும் அவளைச் சுற்றி நின்று, சும்மா சொல்லக் கூடாது, ஆளைப் பிடிச்சிட்டியே என்று மெச்சினார்கள். அவளுக்கும் குளுகுளுவென்றுதான் இருந்தது.

ஜூன் ஐந்தாம் தேதி லேப் ரிப்போர்ட் வந்தது. கலப்படம் எதுவும் இல்லை. ஹேமநாதன் அதைப் படித்துவிட்டு மேஜை டிராயருக்குள் போட்டார், அவ்வளவுதான். அதே நாள் புதுத் தெர்மாமீட்டரும் வந்திருந்தது. மத்தியானம் அசோக் என்கிற பையன் டேங்கர் கொண்டுவந்தான். சாம்பிளில் தெர்மாமீட்டரை விட்ட புஷ்பா அதையே வெறித்துக்கொண்டு நின்றாள். முப்பத்தேழு டிகிரி. ரிஜிஸ்டரைப் புரட்டி மே பத்தாம் தேதியை எடுத்தாள். எழுநூற்று இருபத்தாறை முப்பத்தேழு டிகிரி வரிசையில் வைத்துப் பார்த்தாள். எழுநூற்று நாற்பத்தைந்து. சீட்டில் இருந்த அதே எண். 

“அசோக்கு, வேம்புலி அண்ணா இப்ப எங்க ஓட்றாரு?”

“உனுக்குத் தெரியாதாக்கா? செத்துட்டாரே. டேங்கர் போச்சின்னு திருமழிசையாண்ட ஒரு ஓட்ட டிப்பர்ல ஏறுனாரு. பிரேக் புடிக்கல. பதினஞ்சு நாளாவுது.”

புஷ்பா நேரே ஹேமநாதனிடம் போய் நின்றாள். வேம்புலி ஊட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள்.

“லூசா நீ? தெர்மாமீட்டர் இல்லாம டென்சிட்டி போட்டோம்னு தெரிஞ்சா பங்க்கையே மூடிடுவாங்க. போன உசுரு திரும்பி வருமா? போனேன்னு வச்சிக்கோ, அப்பிடியே போயிடு. வேலைக்கு வராத.”

அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவள் டிராயரைத் திறந்து ரிப்போர்ட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். செத்தவருக்கு நல்ல பேராவது மிஞ்சட்டும் என்று மனசைத் தேற்றியபடி ஆவடி பஸ் ஏறினாள்.

வேம்புலியின் மனைவி கோமளா அவளைப் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்தாள். பங்க்கிலிருந்து வருகிறேன், டென்சிட்டி பார்த்தது நான்தான் என்று புஷ்பா சொல்லி முடிப்பதற்குள் கோமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உம் மேல தப்பு இல்லம்மா. உன் வேலைய நீ செஞ்ச. தெருவே காறித் துப்பிச்சு. ‘நான் தொடல கோமு’ன்னு அழுதாரு. நான் கேக்கல. கண்ணாடி பொய் சொல்லாதுன்னாங்களாமே பங்க்குல? திருட்டுப் பண்ணாரு, அதுக்குச் சாமி கூலி குடுத்துச்சின்னு மனசக் கல்லாக்கிக்கினு கெடக்கேன்.”

ஆமாக்கா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு புஷ்பா எழுந்திருக்கலாம். வேலையும் பிழைத்திருக்கும். கோமளாவும் அந்தக் கல்லோடேயே காலத்தைத் தள்ளியிருப்பாள். புஷ்பாவால் முடியவில்லை. ரிப்போர்ட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

“அக்கா, அவரு ஒண்ணும் கலக்கல. லேப்லயே சொல்லிட்டாங்க. அன்னிக்கு நான் சூடே பாக்கல. பாத்தேன்னு பொய் சொன்னேன்.”

கோமளா அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். “திருப்பிச் சொல்லு” என்றாள். புஷ்பா திருப்பிச் சொன்னாள். அறை விழும் என்று கன்னத்தைக் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். விழுந்திருந்தால் தேவலை.

“பதினோரு நாளும்மா” என்றாள் கோமளா. “பதினோரு நாளு அந்த ஆளோட நான் பேசல. சோத்தப் போட்டு வச்சிட்டு மூஞ்சத் திருப்பிக்குவேன். அன்னிக்கு டிப்பருக்குப் போறப்போ வாசல்ல நின்னு ‘வரேன் கோமு’ன்னாரு. நான் ‘ம்’னுகூட சொல்லல.”

புஷ்பா அழத் தொடங்கினாள். கோமளா அழவில்லை. காகிதத்தை நாலாக மடித்து அவள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“திருடன்னு நெனச்சிகினு இருந்துட்டுப் போயிருப்பேனே. இத்த ஏம்மா என்னாண்ட வந்து சொன்ன?”