மூன்றாம் சரணத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதம்

வர்றேன் என்றுதானே சொன்னாள், வரட்டுமா என்று கேட்கவில்லையே... பதினொரு வருஷமாக அந்தக் கோவில் படியை மிதிக்காதவள், காலையில் போன் பண்ணி, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற மாதிரி, "நாளைக்கு ஆராதனைக்கு வர்றேங்க்கா" என்றால் என்ன அர்த்தம், பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, வழிந்தால் வழிந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றாள், அப்போதுதான் தங்கை கொஞ்சம் நிறுத்தி, "கோவில்ல எல்லாரும் அந்தப் பாட்டு பாடுறீங்களாமே, முழுசா பாடுவீங்களா?" என்று கேட்டாள். அதற்கு இவள் என்ன சொன்னாள்? "பார்க்கலாம்" என்றாள். பார்க்கலாமாம். கடையில் இல்லாத மருந்தைக் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லுகிற பதில், நாளைக்கு வந்து பாருங்க, வந்தாலும் வரும்... முப்பது வருஷம் மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற வாய் வேறென்ன சொல்லும். முழுசா பாடுவீங்களா என்றால், பாடுங்கள் என்றா, பாடிவிடாதீர்கள் என்றா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டில் இவள் பெரியவள், அவள் சின்னவள், அம்மா வைத்த பெயரெல்லாம் ஞானஸ்நானப் பதிவேட்டோடு சரி. பெரியவள் சொல்லுவாள், சின்னவள் கேட்டுக்கொள்ளுவாள், அப்படியே வளர்ந்தாயிற்று.

இப்போது ஜெராக்ஸ் கடையில் வரிசையில் மூன்றாவதாக நிற்கிறாள், கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரே ஒரு தாள். கோவில் பாட்டுப் புத்தகங்களெல்லாம் முதுகு பிய்ந்து பைண்டிங்குக்குப் போயிருக்கின்றன, அதனால் நாளைய பாட்டுகளுக்குத் தனித்தனியாகத் தாள் வேண்டும், நூறு பிரதி, "உங்க பாட்டு, நீங்களே அடிச்சுக் கொண்டாங்க பாட்டுக்காரம்மா, என்கிட்ட குடுத்தா தலைகீழா அடிச்சுடுவேன்" என்று ஆர்கன்காரர் சிரித்தார், மனிதருக்கு எழுபது வயதாகிறது, ஆமென்னுக்கு அப்புறமும் இரண்டு சுரம் சேர்த்து வாசிக்காமல் விடமாட்டார். முன்னால் நிற்கிற ஆள் ஏதோ வீட்டுப் பத்திரம் எடுக்கிறார், பக்கம் பக்கமாக, கடைக்காரர் ஒவ்வொரு தாளையும் கண்ணாடியில் கவிழ்த்து மூடியை அமுக்குகிறார், அடியில் பச்சை வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து போகிறது... ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் ஒரு பச்சை வெளிச்சம், பிரசவ வார்டுக்கு வெளியே, கதவுக்கு மேலே, அதன் கீழே நீளமான மரபெஞ்சு.

அந்த பெஞ்சில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அழாமலே பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள், தங்கை புருஷன் வண்டி பார்க்கப் போயிருந்தார். இவள் தங்கையின் தோளை அணைத்துக்கொண்டிருந்தாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது, இடது கையால். சின்னவள் எதிர்ச் சுவரைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல, கேட்டாள்: "தொட்டில் வாங்கி வெச்சுட்டேனே ஆண்டவரே, இப்ப அதுல எதைப் போடட்டும்?" அழுகை இல்லை. பதில் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருக்கக்கூடச் செய்தாள். அந்த நேரத்தில் அக்கா என்ன செய்தாள்? அக்காவின் வலது கை விரல் தன் தொடையில் தாளம் போட்டது. தொட்டில்-வாங்கி-வெச்சுட்-டேனே... நாலு நாலாக எவ்வளவு சுத்தமாக விழுகிறது என்று பார்த்தது. பாவி விரல். பைபிள் சங்கீதங்களை எழுதினவர்கள் எல்லாரும் இப்படித்தானா, யாராவது குழியில் கிடந்து கூப்பிடும்போது பக்கத்தில் ஒருவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாரா? வேத புத்தகத்தில் கூப்பிட்டவர்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள். இவளோ அடுத்தவள் கூப்பிட்டதை எழுதினாள், அன்றைக்குச் சாயங்காலமே, மருந்துக் கவரின் பின்பக்கத்தில்.

கவரின் முன்பக்கத்தில் காலை, மதியம், இரவு என்று மூன்று கோடு, எவ்வளவு பொருத்தம் பாருங்கள், மூன்று வேளை மருந்து, மூன்று சரணம் பாட்டு. ஆனால் அன்றைக்கு இரண்டுதான் வந்தது. இரண்டு சரணத்தோடு பேனா நின்றுவிட்டது, கேட்டவளுக்குப் பதில் வரவில்லையே, பாட்டுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? அதைப் போதகரிடம் காட்டினாள், அப்போதிருந்த போதகர், நல்ல மனுஷன், குறை சொல்ல முடியாது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இரண்டு தரம் படித்தார். "அருமையா இருக்கும்மா. ஆனா தொட்டில்னு போட்டா ஆம்பிளைங்க எப்படிப் பாடுவாங்க? பாத்திரம்னு போடுங்க, எல்லாருக்கும் பொருந்தும், வேதத்துல அந்த விதவையோட வீட்ல வெறும் பாத்திரமெல்லாம் எண்ணெயால நிரம்புச்சே, அந்தக் கதையும் உள்ள வந்துடும். அப்புறம், இப்படி அந்தரத்துல விட்டா சபை என்னத்தை எடுத்துட்டு வீட்டுக்குப் போகும்? மூணாவது சரணம் நன்றியில முடியணும்." பேசியிருக்கலாம் அல்லவா? ஐயா, சங்கீதப் புத்தகத்திலேயே எண்பத்தெட்டாவது சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது, கடைசி வரைக்கும் விடியவே இல்லை, அதையும்தானே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம், அது அவளுக்குத் தெரியாததா, தன் புத்தகத்தில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தாளே. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? பாட்டு அரங்கேற வேண்டும். அவ்வளவுதான். எதைப் போட்டாலும் சரி, பாடினால் போதும் என்றிருந்தது. தொட்டில் பாத்திரமாயிற்று, மூன்றாவதை உட்கார்ந்து கால் மணி நேரத்தில் எழுதினாள், விளிம்பு தொட நிறைத்தீரே, என் கண்ணீரை நன்றியாய் மாற்றினீரே... வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா.

முதல் தடவை பாடிய ஞாயிற்றுக்கிழமை சின்னவள் ஐந்தாவது வரிசையில் இருந்தாள். பல்லவியில் தலை நிமிர்ந்தாள். இரண்டாம் சரணத்தில் தங்கை புருஷன் கைக்குட்டை எடுத்தார். மூன்றாவதில் சபை எழுந்து நின்று பாடியது, ஆர்கன்காரர் வேறு இருக்கிற கட்டைகளையெல்லாம் அமுக்கினார், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, இவள் பாடகர் வரிசையில் நின்றுகொண்டு ஐந்தாவது வரிசையைத் தேடினாள், அங்கே தங்கை புருஷன் மட்டும் நின்றிருந்தார். மத்தியானம் ஓடிப்போய்ப் பார்த்தபோது சின்னவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "கண்ணீரை நன்றியா மாத்தினாராமே. யாருக்கு மாத்தினாரு?" இவள் ஏதோ சமாதானம் சொன்னாள், அது பாட்டும்மா, எல்லாருக்கும் பொதுவா எழுதுறது, நாளைக்கு உனக்கே... சின்னவள் குழாயை நிறுத்தினாள். "ஆண்டவர் மாத்தலக்கா. நீ மாத்துன." அவ்வளவுதான் சண்டை. அதற்குமேல் ஒரு வார்த்தை தடிக்கவில்லை, போக்குவரத்து நிற்கவில்லை, அக்கா வந்தால் காபி போடுவாள், முட்டிவலி விசாரிப்பாள், ஆனால் அக்கா எதிரில் ஒருநாளும் ஜெபிக்கவில்லை, சாப்பாட்டுக்கு முன்னால்கூடக் கண்ணை மூடவில்லை. வீட்டில் திருடன் இருக்கும்போது பீரோவைத் திறக்கமாட்டார்கள், அந்த மாதிரி.

பாட்டு எங்கெங்கோ போயிற்று. முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து ஆட்கள் பேசினார்கள், என் வீட்டுக்காரர் போன அன்னைக்கு உங்க மூணாவது சரணம்தாம்மா என்னைத் தூக்கி நிறுத்துச்சு என்று ஒரு பெண் போனில் அழுதாள், அதைப் பொய் என்று சொல்ல முடியுமா, முடியாது, அவளுக்கு அது மெய்யாகவே இருந்திருக்கும்... அந்தந்த நேரத்தில் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது. போனை வைத்ததும் குழாயடியில் திரும்பாமல் நின்ற அந்த முதுகு. ஊரெல்லாம் தேறுகிறது, கேட்டவள் தேறவில்லை. அப்புறம் எழுதின பாட்டுகள் ஒன்றும் நிற்கவில்லை, காற்றில் போட்ட கோலம், மருந்துக் கவர்கள் காலியாகவே...

"அம்மா, உங்களைத்தான். பாட்டுக்காரம்மா. கொண்டாங்க."

உறையிலிருந்து தாளை எடுத்தாள். கூடவே, வீட்டிலேயே கத்தரித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டுக் காகிதத்தையும் எடுத்தாள். நான்கு விரல் அகலம். மூன்றாம் சரணத்தின் மேல் வைத்துப் பார்த்தாள், அச்சாகப் பொருந்தியது, மருந்துக்கடைக் கை, அளவு தப்பாது. "இதை இப்படியே வெச்சு எடுங்க. மூடும்போது நகர்ந்துடாம." கடைக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார், அவருக்கும் பாட்டு தெரியும், ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிரசங்கத்தில் தூங்குகிறவர். "என்னம்மா, முக்கியமான இடத்தையே மறைக்கிறீங்க. சர்க்கரையை எடுத்துட்டு பாயசமா?" "எடுங்க, சொல்றேன்" என்றாள், என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முதல் பிரதி சூடாக வந்து விழுந்தது. இரண்டு சரணம், கீழே வெறுமை. வெறுமைக்கு மேலும் கீழும் துண்டின் ஓரம் மெல்லிய சாம்பல் கோடாக விழுந்திருந்தது. "கோடு தெரியுது, பரவாயில்லையா? ஒண்ணு எடுத்தோம்னு பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும்." பரவாயில்லை. தெரியட்டும். ஓட விடுங்கள்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. தாள் மேல் தாளாக விழுந்தது, அவளுக்கு மூச்சு லேசாக வந்தது, பதினொரு வருஷத்தில் முதல் தடவை ஒரு நல்ல காரியம், சின்னவள் தாளைக் கையில் வாங்குவாள், அந்தக் கோட்டைப் பார்ப்பாள், அக்கா எடுத்துவிட்டாள் என்று புரிந்துகொள்ளுவாள், ஒன்றும் பேசவேண்டியதில்லை, பேசாமலே எல்லாம்... சபையில் பாதிப் பேர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்களே, தாளில் இல்லாவிட்டாலும் பாடிவிடுவார்களே, ஆர்கன்காரரிடம் சொல்லி இரண்டாவதோடு நிறுத்தச் சொல்ல வேண்டும், சின்னவளின் முகம் அப்போது எப்படி இருக்கும்? சந்தோஷப்படுவாள். படுவாளா? முழுசா பாடுவீங்களா என்று கேட்டாளே... அதைக் கேட்ட குரல் எப்படி இருந்தது, கசப்பா, ஆசையா, பால் பொங்குகிற சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லையே. ஒருவேளை அந்தச் சரணத்துக்காகவே வருகிறாளோ. இந்தப் பதினொரு வருஷத்தில் யாரும் பார்க்காத ஏதாவது ஒரு நாளில், அவளாகவே, தன் காலாலேயே அந்த மூன்றாம் சரணம் வரைக்கும் நடந்து வந்திருந்தாளானால்? வந்து நிற்கிற நேரம் பார்த்து அக்கா அதை வெள்ளைக் காகிதம் போட்டு மூடியிருந்தால்? அன்றைக்கு அவள் சொல்லாத நன்றியை அவள் வாயில் வைத்தாள். இன்றைக்கு அவள் சொல்ல வந்ததையோ வராததையோ வாயிலிருந்து எடுக்கிறாள். வைக்கும்போதும் கேட்கவில்லை. எடுக்கும்போதும் கேட்கவில்லை.

"நிறுத்துங்க."

"அம்மா?"

"கொஞ்சம் நிறுத்துங்க. எத்தனை ஆச்சு?"

"முப்பத்தொண்ணு" என்றார் கடைக்காரர், பொத்தானை அமுக்கிவிட்டு. பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார், விடட்டும். அவள் கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தாள், எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. மணி மூன்று தரம் அடித்தது, நாலு. "சொல்லுக்கா" என்றாள் சின்னவள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். இவள் வாயில் முதலில் வந்தது எதுகையோடு வந்தது, அதை விழுங்கினாள். அடுத்து வந்ததும் கோவிலில் பேசுகிற பேச்சாகவே இருந்தது, அதையும் விழுங்கினாள்.

"காலையில கேட்டியே, முழுசா பாடுவீங்களான்னு. பாடணுமா, வேண்டாமா? நீ சொல்லு. எனக்குத் தெரியல."

அந்தப் பக்கம் குழாய் நின்றது. சின்னவள் போனை வைக்கவில்லை, மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது, உள்ளே போய், வெளியே வந்து, கொஞ்சம் நின்று, மறுபடி உள்ளே போய்... கடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு இப்படிப் பார்க்கிறார் என்று குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, கண்ணாடி மேசையில் அவளுடைய வலது கை விரல் அந்த மூச்சுக்குத் தாளம் போட ஆரம்பித்திருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அந்த விரலை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.