கொசு பிடிக்கும் மூன்று நிமிடம்

இரண்டாம் வகுப்பு டீச்சருக்குப் பாடம் நடத்துவது பெரிய காரியமே இல்லை. ஒரு பாடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பிள்ளைகளை நகர்த்துவதுதான் பெரும்பாடு. கணக்கு நோட்டை மூடச் சொன்னால் நாற்பத்திரண்டு பேரில் பத்துப் பேர் சண்டைக்கு நிற்பார்கள், பத்துப் பேர் தண்ணீர் குடிக்கக் கிளம்புவார்கள். கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி மட்டும் சத்தமில்லாமல் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். கையிலிருக்கும் வேலையைச் சட்டென்று நிறுத்தச் சொன்னால் அவளுக்கு உலகமே கவிழ்ந்த மாதிரி. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் முயல்குட்டி.

அவளுக்காகத்தான் டீச்சர் கொசுவைக் கொண்டுவந்தார்.

"உஷ்! கொசு ஒண்ணு உள்ள வந்துடுச்சு" என்பார். இல்லாத கொசுவை எல்லாக் கண்களும் துரத்தும். அது கணக்கு நோட்டின்மேல் உட்காரும். அலுங்காமல் மூடிப் பைக்குள் வைக்க வேண்டும். அங்கிருந்து தமிழ்ப் புத்தகத்துக்குத் தாவும். மூச்சுவிடாமல் எடுத்து விரிக்க வேண்டும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு கைதட்டு. கொசு எப்படியும் தப்பிவிடும். முயல்குட்டியோ அதன் பின்னாலேயே அடுத்த பாடத்துக்கு வந்து சேர்ந்திருப்பாள்.

அந்தக் கைதட்டு சுவரைத் தாண்டித் தலைமையாசிரியை அறைவரை கேட்டதுதான் வினை.

"ஒரு நாளைக்கு அஞ்சு தடவ, தடவைக்கு மூணு நிமிஷம். கால் மணி நேரம் விளையாட்டுல போகுது. பாடம் முடிஞ்சா வாயில விரல வெச்சு உக்காரச் சொல்லுங்க."

டீச்சர் தலையாட்டிவிட்டு வந்தார். மூன்று நாள் அப்படியே செய்தார். நாற்பத்திரண்டு விரல்கள் நாற்பத்திரண்டு வாயில். விரலை எடுத்ததும் கூச்சல் இரண்டு மடங்கானது. மூன்றாம் நாள் பெஞ்சுக்கு அடியில் போன முயல்குட்டி மதியம்வரை வெளியே வரவில்லை. டீச்சர் தரையில் மண்டிபோட்டுக் குனிந்தார். சட்டைக் காலர் நனையும்வரை அழுதிருந்த குழந்தை மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், கொசு செத்துப் போச்சா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. தலைமையாசிரியைமேல் வந்ததைவிடத் தன்மேலேயே அதிகக் கோபம் வந்தது.

"அதெல்லாம் இல்லம்மா. லீவுல போயிருந்துச்சு. நாளைக்கு வந்துடும்."

மறுநாள் கணக்கு முடியும் நேரம். வாசலில் தலைமையாசிரியை, கையில் கடிகாரத்தோடு. டீச்சர் அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டே சொன்னார்: "உஷ்! வந்துடுச்சு!"

வகுப்பே நிமிர்ந்தது. நோட்டுகள் மூடின. முன் பெஞ்சுப் பையன் ஒருவன் கிசுகிசுத்தான்: "டீச்சர், ஹெச்.எம். மூக்குல உக்காந்திருக்கு!"

தலைமையாசிரியையின் கை தன்னையறியாமல் மூக்கை நோக்கிப் போய்ப் பாதியில் இறங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை, கொசு பறந்துவிடும் என்ற பயம். கைதட்டு விழுந்தபோது எல்லா மேஜையிலும் தமிழ்ப் புத்தகம் விரிந்திருந்தது. கடைசி பெஞ்சிலும்.

"நான் சொன்னது காதுல விழலையா?" தன் அறைக்குள் போனதும் தலைமையாசிரியையின் கேள்வி சூடாக வந்தது.

"விழுந்துச்சு மேடம். மூணு நாள் செஞ்சும் பாத்துட்டேன். விரல் வெச்ச வகுப்பு அடுத்த பாடத்துக்கு வர பத்து நிமிஷம் ஆச்சு. ஒரு பொண்ணு வரவே இல்ல."

"அப்போ மெமோதான்."

"குடுங்க, வாங்கிக்கறேன். கொசுவ நிறுத்த மாட்டேன்."

மெமோ வந்தது. டீச்சர் அடியில் எழுதினார்: 'பெற்றுக்கொண்டேன். ஒப்புக்கொள்ளவில்லை.' கையெழுத்துக்குக் கீழே அழுத்தி ஒரு கோடும் போட்டார். தண்டனையாக, பருவம் முழுக்கக் காலையில் கேட்டில் நிற்கும் வேலை.

"எதுக்கு வம்பு? பேசாம விரல வைக்கச் சொல்லிட்டுப் போயேன்" என்றார் அன்று இரவு வீட்டில் கணவர்.

"மொதல்ல நீங்க வெச்சுக் காட்டுங்க, பாக்கலாம்."

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். ஆனால் அடுத்த நாள் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து டீ போட்டது அவர்தான்.

கேட்டில் முதல் வாரம் கால் கடுத்தது. தலைமையாசிரியையின் கார் நின்று, கண்ணாடி இறங்கியது.

"இன்னும் அதே பிடிவாதம்தானா?"

"அதேதான் மேடம். குட் மார்னிங்" என்று சொல்லி டீச்சர் கேட்டை அகலத் திறந்துவிட்டார். கார் உள்ளே போயிற்று. முதல் பஸ்ஸில் வந்த பிள்ளைகள் தெருமுனையிலிருந்தே அவரைப் பார்த்து ஓடிவரத் தொடங்கினார்கள்.