ஜட்ஜு ஐந்தாவது பாஸ்

என் அண்ணன் மகனுக்கு வைத்த பெயர் வேறு, எங்கள் வாயில் நின்ற பெயர் ஜட்ஜு. பிறந்ததிலிருந்தே அவனுக்குக் கால் இரண்டும் நிற்காது. பேச்சும் குழறும். தெளிவாக வருவது இரண்டே சொல், ‘சரி’, ‘இல்ல’. சக்கர நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எதிரில் இருப்பவரை ஏற இறங்கப் பார்த்து, ஆற அமர யோசித்துத்தான் இரண்டில் ஒன்றைச் சொல்வான். சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. நான் ஒருமுறை ஆசையாக முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது, நன்றாகப் பார்த்துவிட்டு “இல்ல” என்றவன் அவன். அன்றைக்கு அந்த வீட்டில் உண்மை பேசியதும் அவன் ஒருவன்தான்.

அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு பள்ளி இருந்தது. ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை. நான் அதில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்குப் பின்புறம் ஒட்டினாற்போல எங்கள் வீடு. ஜட்ஜின் அறை ஜன்னலும் என் வகுப்பு ஜன்னலும் எதிரெதிரே, நடுவில் ஒரு ஆள் போகிற சந்து மட்டும். காலையில் நான் பெயர் கூப்பிட்டு முடித்ததும் அந்த ஜன்னலிலிருந்து ஒரு குரல் வரும். “ன்னேன் டீச்சர்.” உள்ளேன் டீச்சர் என்கிறான். பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து கைதட்டுவார்கள். அதன் பிறகுதான் பாடம்.

அவனை வகுப்புக்குள் உட்கார வை என்று அண்ணனிடம் நான் சண்டை போடாத வருடம் இல்லை.

“காசு கட்டுறவங்க பாப்பாங்கடி. இது என்ன மாதிரி ஸ்கூல்னு கேப்பாங்க. ஒருத்தர் பிள்ளைய எடுத்துட்டுப் போனா பின்னாலேயே பத்துப் பேர் போவாங்க.”

“உன் ஸ்கூல், உன் பிள்ளை. உன்னை யாருண்ணா கேக்கப் போறா?”

“அதையேதான் நானும் சொல்றேன். என் ஸ்கூல். அது ஓடினாதான் அவனுக்கு மருந்து.”

வாசலில் படிகள் இருந்தன. ஒரு ஓரமாகச் சாய்தளம் போடேன் என்றால், வாசல் லட்சணம் கெட்டுவிடும் என்பான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கதவைத் திறந்து வைத்துவிட்டு, பெற்ற பிள்ளையை ஜன்னலில் நிறுத்தியதில் எந்த லட்சணமும் கெடவில்லை பாருங்கள்.

வீட்டில் நான் சொல்லிக்கொடுக்காமலும் இல்லை. சாயங்காலம் சிலேட்டோடு போய் உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். “இல்ல.” கண் மட்டும் ஜன்னலுக்குப் போகும். அவனுக்கு வேண்டியது வெறும் எழுத்து இல்லை. பக்கத்தில் கிள்ளுவதற்கு ஒருவன், முன்னால் சடையை இழுப்பதற்கு ஒருத்தி, கூட்டத்தோடு கூட்டமாகக் கூப்பிட ஒரு பெயர். அதை நான் எந்தக் கடையில் போய் வாங்க?

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகப் பள்ளி சுருங்கியது. வாசலுக்கே பஸ் அனுப்பிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிற பெரிய பள்ளிகள் வந்துவிட்டன. எங்களுக்குச் சம்பளம் பாதியாயிற்று, பிறகு அதுவும் தள்ளிப் போயிற்று. அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டே நடந்தான். கடைசியில் பள்ளியை அரசிடம் ஒப்படைத்துவிடுவது என்று முடிவு செய்தான். பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. சம்பளம் அரசு கொடுக்கும். இருக்கிற ஆசிரியர்கள் அப்படியே இருக்கலாம். ஆனால் எடுத்துக்கொள்வதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிற பள்ளியாக அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்க வேண்டும். நடக்க முடியாத பிள்ளை, பார்வை இல்லாத பிள்ளை, யாராக இருந்தாலும். அதைப் பார்க்க நேரில் ஆள் வரும்.

ஒரே வாரத்தில் சாய்தளம் எழும்பிவிட்டது. கொத்தனார் சிமெண்ட் பூசும்போது அண்ணனே பக்கத்தில் நின்று, “சரிவைக் கொஞ்சம் கொறச்சுக்கப்பா, பிள்ளை உருண்டுடுவான்” என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காய்ந்ததும் ஜட்ஜை ஏற்றினோம். மேலே போனதும் நாற்காலியைத் திருப்பச் சொல்லிக் கை காட்டினான். கீழே நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். “சரி” என்றான். அண்ணி அழுதேவிட்டார். நானும்தான்.

“என் கிளாஸ்ல உக்கார வைக்கிறேன்” என்றேன்.

“பத்து வயசுப் பிள்ளைய ஒண்ணாவதுலயா? அப்ப இவ்வளவு நாள் ஏன் சேக்கலைன்னு கேக்க மாட்டாங்களா?” என்றான் அண்ணன். “வயசுக்குத் தக்க அஞ்சாவது. ஒண்ணாவதுல இருந்தே இங்கதான் படிக்கிறான். யார் கேட்டாலும் எல்லாரும் அதையே சொல்லணும்.”

“அவனுக்கு அனா ஆவன்னா தெரியாதுண்ணா.”

“தெரியலைன்னா என்ன? உக்காரட்டும். உக்கார வை, உக்கார வைன்னு நீதானடி உயிரை வாங்கின?”

பசி பசி என்று கத்தியவனுக்குக் காலித் தட்டை நீட்டின மாதிரி இருந்தது.

ஆய்வுக்கு வந்த அம்மா கெடுபிடிக்காரர் இல்லை. சாய்தளத்தில் தானே ஒருமுறை நடந்து பார்த்தார். அகலப்படுத்திய கழிப்பறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். ஐந்தாம் வகுப்பில் பெஞ்சை ஒதுக்கி ஜட்ஜுக்கு இடம் செய்திருந்தோம். புதுச் சீருடை, வகிடெடுத்து வாரிய தலை. பக்கத்தில் அண்ணி. நான் வகுப்பு வாசலில் நின்றேன். அந்த அம்மா குனிந்து அவனிடம் பெயர் கேட்டார். அவன் வாய் முயன்றுகொண்டிருக்கும்போதே அண்ணி சொல்லிவிட்டார்.

“எவ்வளவு நாளா இங்க படிக்கிறான்?”

அண்ணி அண்ணனைப் பார்த்தார். “ஒண்ணாவதுல இருந்தேங்க. அஞ்சு வருஷமா.”

ஜட்ஜு அண்ணியை ஏற இறங்கப் பார்த்தான். “இல்ல” என்றான்.

“என்ன கண்ணா, என்ன வேணும்?” என்றார் அந்த அம்மா.

“தண்ணி கேக்குறான்” என்றார் அண்ணி.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் போய்த் தண்ணீர் கொண்டு வந்தேன். அவன் குடிக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினான், தண்ணீர் புதுச் சட்டையில் வழிந்தது. அந்த அம்மா அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு, “நல்ல ஸ்கூல்” என்று சொல்லிப் போனார்.

பள்ளி அரசுப் பள்ளியானது. பெயர்ப்பலகை மாறியது. மிச்சமிருந்த சில மாதங்கள் ஜட்ஜு தினமும் சாய்தளத்தில் ஏறி ஐந்தாம் வகுப்புக்குப் போனான். முதல் வாரம் அவனுக்குத் திருவிழாதான். பெயர் கூப்பிட்டால் பதில் சொன்னான், கிள்ளினான், கிள்ளும் வாங்கினான். பிறகு பின்னங்களும் பெருக்கலும் தலைக்கு மேலே போயின. ஐந்தாம் வகுப்பு சார் நல்லவர்தான், ஆனால் அவரும் பாடத்தை முடித்தாக வேண்டும். மத்தியானத்தில் நான் அவனை என் வகுப்புக்கு உருட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அங்கே சின்னதுகளோடு சேர்ந்து அ போட்டான், ஆ போட்டான். கோணல்மாணலாக ஒரு இ போட்டுவிட்டு என்னைப் பார்த்து, தானே “சரி” என்று தீர்ப்பும் சொன்னான். ஒரு வருடம் என்னிடம் விட்டால் இவன் படித்துவிடுவான் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துபோயிற்று.

அரசுப் பள்ளியில் யாரையும் ஃபெயிலாக்கி நிறுத்தக் கூடாது. வருடக் கடைசியில் எல்லோரோடும் சேர்ந்து ஜட்ஜும் தேறிவிட்டான். அண்ணன் ஒரு புதுப் பை வாங்கி வந்து அவன் மடியில் வைத்து, “அஞ்சாவது பாஸ்டா” என்றான். “இல்ல” என்றான் ஜட்ஜு.

புதுத் தலைமை ஆசிரியை வந்ததும் முதல் வேலையாக நான் போய் நின்றேன். “அவனை ஒண்ணாவதுல சேத்துக்கங்கம்மா.”

“அஞ்சு முடிச்ச பிள்ளைய எப்படிம்மா ஒண்ணுல சேக்குறது? ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்குத்தான் போகணும். பேர் இல்லாத பிள்ளைய இங்க சும்மா உக்கார வைக்கவும் முடியாது.”

“அங்க ஆறாவது கிளாஸ் மாடியில இருக்கு. போனாலும் அவனுக்கு என்ன புரியும்? அவன் இங்க படிக்கவே இல்லைம்மா. பாக்க வர்றாங்கன்னு கொண்டு வந்து உக்கார வச்சோம்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “இதை நீங்க எழுதிக் குடுத்தா நான் மேல அனுப்பித்தான் ஆகணும். பொய் சொல்லி ஒப்படைச்சாங்கன்னு ஆயிடும். பள்ளியவே வேண்டாம்னு திருப்பிக் குடுத்துடுவாங்க. எழுதித் தர்றீங்களா?”

வீட்டுக்கு வந்து எழுதித்தான் தரப் போகிறேன் என்று குதித்தேன். வேலை போனால் போகட்டும் என்றேன். அண்ணனுக்கு இப்போது பள்ளியில் வேலை எதுவும் இல்லை, ஜட்ஜின் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அண்ணிதான் என் கையைப் பிடித்தார்.

“எழுதினா ஸ்கூல் நம்ம கைக்கே திரும்பி வந்துடும், நடத்த முடியாம மூடணும். மூடிட்டா அப்புறம் எந்த ஒண்ணாவதுல அவனை உக்கார வைப்ப?”

“அதுக்காக இப்படியே விடுறதா அண்ணி?”

“என் வாயாலதான சொன்னேன், அஞ்சு வருஷம்னு. அவனோட அஞ்சு வருஷத்தையும் நானே சொல்லித் தீத்துட்டேன்.” அழுகையே இல்லாமல் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கப் பார்த்த நானும் எழுதித் தரவில்லை.

பள்ளி அரசுடையது, வீடு எங்களுடையது. இரண்டுக்கும் நடுவே தடுப்பு இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதே கொத்தனார்தான் வந்தார். சந்தின் நடுவில், ஜன்னல்களுக்கு மேலே உயர்ந்து நிற்கிற சுவர். சாய்தளம் இருக்கிறது. அதில் தண்ணீர் டிரம்மை உருட்டிக்கொண்டு ஏறுகிறார்கள், வசதியாக இருக்கிறது என்கிறார்கள்.

புது வருடம் தொடங்கியது. கட்டணம் இல்லை என்பதால் என் வகுப்பில் இடம் கொள்ளாத கூட்டம். எல்லாம் புதுப் பிள்ளைகள். பெயர் கூப்பிட்டு முடித்து நிமிர்ந்தேன்.

“ன்னேன் டீச்சர்.”

சுவருக்கு மேலே ஏறி வந்தது குரல். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றாள்.

“யாரு டீச்சர் அது?”

“அஞ்சாவது பாஸ் பண்ணவன்” என்றேன்.

“பாஸ் பண்ணிட்டு ஏன் டீச்சர் ஒண்ணாவதுல உள்ளேன் சொல்றாரு?”

நான் உட்காரச் சொன்னேன். கைதட்டல் வராததால் எங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துவிட்டான் போல. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னான்.