மூன்றாவது ஓலைக்கு முன்

புறவழிச்சாலை இன்னும் திறக்கப்படவில்லை. தாராசுரத்தைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே கறுப்பாக நீண்டு, தூரத்தில் கானலில் கரைந்து போயிருந்தது. வண்டிகள் வராத அந்தச் சாலையில் சம்பா நெல் காய்ந்துகொண்டிருந்தது. பாதிச் சாலை கறுப்பு. பாதி பொன்.

லின்சி நெல்லுக்குள் காலைத் தேய்த்தபடி நடந்தாள். பிளஸ் டூ படிப்பவள். ஈரம் போகாத நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். அதனால் பகல் முழுக்க யாராவது இப்படிக் காலால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் சூடேறிய நெல்லின் வாசம். பாதத்துக்கடியில் சரசரவென்று ஒரு சத்தம். விழித்துக்கொண்டே கனவுக்குள் நடப்பது போலிருந்தது அவளுக்கு.

"நெல்லு கிளறும்போதுகூட இடுப்பு ஆடுது பாரு!"

ஹுமைரா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். ஒரே வகுப்பு. கையில் போன், கண்ணில் டைரக்டர் மிடுக்கு.

ஹுமைரா எடுப்பது ஒரு குறும்படம். ஆடக்கூடாது என்று சொல்கிற ஊரில் ஆடத் துணியும் பெண்ணின் கதை. படம் முழுக்க அந்தப் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஆடுவாள். கடைசிக் காட்சியில் அதை உருவி எறிந்துவிட்டுக் கேமராவைப் பார்ப்பாள். அந்தக் காட்சி மட்டும்தான் பாக்கி. இன்று மாலைக்குள் தஞ்சாவூர்ப் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும்.

"ஆடறேன். ஆனா முகம் வேண்டாம்டி," என்றாள் லின்சி.

"அப்புறம் எதுக்கு இந்தப் படம்? உன் பாதம் அழகா இருக்குன்னு ஊருக்குச் சொல்லவா?"

"அக்காவுக்கு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை மூணாவது. அது முடியட்டும்."

கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை மாதா கோயிலில் ஓலையாக வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச்சாமியார் அறிவிப்பார். அக்கா சான்ட்ராவுக்குப் பட்டுக்கோட்டையில் மாப்பிள்ளை, ஜெரால்ட். தேங்காய் மண்டிக் குடும்பம். தங்கை ஆடுகிறாள் என்று யாராவது கிளப்பிவிட்டு ஓலை நின்றால், அடுத்து தவக்காலம்; ஈஸ்டர் வரைக்கும் கல்யாணப் பேச்சே கிடையாது. "மூணாவது ஓலை முடியறவரை உன் ஆட்டத்த மூட்டை கட்டி வை," என்று அப்பா சொல்லியிருந்தார்.

தனக்காக என்றால் லின்சி எதிர்த்துப் பேசியிருப்பாள். அக்காவுக்காக என்றதும் தலையாட்டிவிட்டாள்.

துப்பட்டாவைக் கண் வரைக்கும் சுற்றிக்கொண்டாள். ஹுமைராவின் போனிலிருந்து இசை கசிந்தது.

லின்சி சுழன்றாள். நெல் அவள் காலைச் சுற்றி அலையாக எழுந்து அடங்கியது. கிளறிய நேர்க்கோடுகள் வளைந்தன, வளையத்துக்குள் வளையமாகப் பூத்தன. சாலை மெல்ல மிதந்து நகர்வது போல, அது அவளையும் எங்கோ கூட்டிக்கொண்டு போவது போல இருந்தது. கொக்குக் கூட்டம் ஒன்று வயலிலிருந்து எழுந்து, அவள் தலைக்கு மேலே வட்டமடித்துவிட்டுப் போனது.

இசை நின்றதும்தான் பார்த்தாள். சாலையோரத்தில் மோர்த் தூக்கோடு சான்ட்ரா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்டி திருடி மாதிரி மூஞ்சிய மூடியிருக்கே?"

"கடைசியில துணிய எடுக்கணும்க்கா. இவதான் மாட்டேங்கிறா," ஹுமைரா போட்டுக் கொடுத்தாள். "உங்க கல்யாணம் நின்னுடுமாம்."

"ஏய், சும்மா இருடி!"

சான்ட்ரா சிரித்தாள். பிறகு தங்கையின் தோளில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டிவிட்டாள்.

"ஓலையில இருக்கறது என் பேரு. பயப்படறதா இருந்தா நான் பயந்துக்கறேன். நீ ஆடு."

மறுபடி இசை. இந்த முறை லின்சி துப்பட்டாவை உருவினாள். அது காற்றில் ஏறி, நெளிந்து, எங்கோ விழுந்தது. அவள் நேராகப் பார்த்தாள். வியர்வை, நெல் தூசி, மூச்சிரைப்பு, எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு சிரிப்பு.

ஹுமைரா ஸ்கூட்டி மேல் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் படத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தபோது, அப்பா அருள்பிரகாஷின் மொபெட் வந்து நின்றது.

"நெல்லக் கிளறச் சொன்னா கோலம் போட்டு வச்சிருக்கே?"

ஹுமைரா போனைப் பின்னால் மறைத்தாள். அவர் கண் போனுக்குப் போனது. விஷயம் புரிந்துவிட்டது.

"அழி அத."

"அங்கிள், இது..."

"அழின்னேன்ல? பட்டுக்கோட்டைக்காரங்க கண்ணுல பட்டா என்ன ஆகும்?"

"படட்டும்ப்பா," என்றாள் சான்ட்ரா. "பிடிக்கலன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லட்டும். அதுக்குத்தானே மூணு வாட்டி வாசிக்கறாங்க? கட்டிக்கிட்டுப் போனப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கறதுக்கு, இப்பவே தெரிஞ்சுட்டுப் போகுது."

"நீயுமா?"

சான்ட்ரா மோர்த் தூக்கைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே இருப்பதை லின்சி பார்த்தாள். அக்காவுக்குப் பயம் இல்லாமல் இல்லை.

அப்பா லின்சி பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே?"

"அனுப்பணும்ப்பா." லின்சி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "என் முகத்தோட."

ஹுமைராவிடமிருந்து போனை வாங்கி, அவளே அழுத்தினாள். திரையில் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பெண்களும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள்.

அப்பா நெல்லைப் பார்த்தார். வளையங்களின் நடுவே கால் படாமல் கிடந்த இடத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கிக் கிளறத் தொடங்கினார். கோபம் அவர் நடையில் தெரிந்தது.

"போயிடுச்சா?" திரும்பாமலே கேட்டார்.

"இல்லப்பா. சுத்திட்டே இருக்கு."

நெல்லைக் கிளறியபடி இன்னும் ஒரு சால் நடந்தார்.

"இங்க நின்னா எங்க டவர் கிடைக்கும்? வாய்க்கா பாலத்துமேல ஏறுங்க."

லின்சி போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஓடினாள். பின்னாலேயே ஹுமைரா. மோர் தளும்பத் தளும்ப சான்ட்ரா. வெயிலில் மினுங்கிய பொன் சாலையின் ஓரமாக, கானலுக்குள் அவர்கள் சின்னதாகிச் சின்னதாகிப் போவதை, கிளறுவதை நிறுத்திவிட்டு அருள்பிரகாஷ் பார்த்துக்கொண்டே நின்றார்.